மாநிறமும் கோதுமை நிறமும்

ஆனேக்கல் வட்டத்தில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று மும்மொழி வழங்குகின்றது. வீட்டினுள் தமிழ், அண்டை அயலாரோடும் கடைத்தெருவிலும் கன்னடம், பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி ஆகிய இடங்களின் தொழிற்சாலை அலுவலகங்களிலும் பிள்ளைகளின் பள்ளிகளிலும் ஆங்கிலம். ஒரு பொருளின் பெயரை மூன்று மொழியிலும் கூறுதல் எளிது. ஓர் ஆளின் தோற்றத்தைக் கூறுதல் அத்துணை எளிதன்று. "அவர் பார்க்க எப்படி இருப்பார்?" என்று ஆங்கிலத்தில் வினவினால், நன்கு படித்த பிள்ளையும் சற்றே தடுமாறுகிறான். தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்லே இங்குக் காலை வாரிவிடுகின்றது.

2016-இல் கன்னடத்தில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. ஹேமந்த் ராவ் இயக்கிய அப்படத்தின் பெயர் 'கோதி பண்ண சாதாரண மைகட்டு'. மறதி நோயுற்ற முதியவர் ஒருவர் காணாமற் போகிறார். மகன் அவரைத் தேடி அலைகிறான். கோதுமை நிறம், சாதாரண உடற்கட்டு என்பதே தலைப்பின் பொருள். காணாமற் போனோர் அறிவிப்புகளில் நாம் வழக்கமாகக் காணும் சொற்கள்தாம் அவை. இதே கதை 2018-இல் தமிழில் வந்தபோது, இயக்குநர் ராதாமோகன் படத்திற்கு '60 வயது மாநிறம்' என்று பெயர் வைத்தார். நல்ல பெயர். நம் பாட்டிமார் எவரும் ஒரு மனிதரைக் கோதுமை நிறம் என்று சொல்லக் கேட்டிலோம். மாநிறம் என்றே சொல்வர்.

ஆங்கில விளம்பரங்களில் இதற்கு வழங்கும் 'வீட்டிஷ்' என்னும் சொல்லோ இந்திய ஆங்கிலத்திற்கே உரியது. இலண்டனில் ஒருவரிடம் இச்சொல்லைக் கூறினால் அவர் விழிப்பார். 'ஃபேர்' என்ற சொல்லின் நிலையும் விந்தையானது. அதற்கு அழகு என்றும், நேர்மை என்றும், வெளிர் நிறம் என்றும் பொருளுண்டு. தலைமயிரைக் குறிக்குங்கால் பொன்னிறம் என்று பொருள். வெளிர் நிறமும் அழகும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதனாலேயே, 1975-இல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு அத்துணை எளிதாக விலைபோயிற்று எனலாம். எதிர்ப்பு வலுத்தபின் 2020-இல் அதன் பெயரில் 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' புகுந்தது. நம் பெண்மக்களின் நிறத்தை விளம்பரத்தில் எழுதத்தான் வேண்டுமா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

இன்னுமொன்று. தமிழர் வெளிர் நிறத்தைச் சிவப்பு என்கிறோம். கன்னடர் பெரும்பாலும் வெண்மை என்னும் பொருளில் 'பெள்ளகெ' என்பர். "எங்கள் அக்காள் சிவப்பு" என்பதைப் பிள்ளைகள் அப்படியே ஆங்கிலத்தில் 'ரெட்' என்று பெயர்த்தால், அக்காள் வெயிலில் காய்ந்தாள் என்றோ, வெட்கத்தாலோ சினத்தாலோ முகம் சிவந்தாள் என்றோதான் கேட்பவர் கொள்வர்.

மணவிளம்பரங்களில் வரும் 'ஹோம்லி' என்ற சொல்லைக் குறித்து எச்சரிக்க வேண்டியுள்ளது. குடும்பப் பாங்கான பெண் என்ற கருத்தில் நம்மவர் அதனை எழுதுகின்றனர். அமெரிக்காவில் அச்சொல்லுக்கு அழகில்லாதவர் என்பது பொருள்! கடல் கடந்த மாப்பிள்ளை வீட்டார் அதைப் படித்தால் என்ன நினைப்பர்? 'ஸ்மார்ட்' என்பதும் இங்கிலாந்தில் நேர்த்தியாக உடுத்தவரையும், அமெரிக்காவில் பெரும்பாலும் அறிவுக் கூர்மை உடையவரையும் குறிக்கும். பருத்த உடலினரை 'ஹெல்த்தி' என்று நம் நாட்டில் நயமாகச் சொல்வது வெளிநாட்டாருக்கு விளங்காது. பூசினாற்போன்ற உடலுக்குப் 'ப்ளம்ப்' என்பதும், ஒடிசலுக்கு 'ஸ்லிம்' என்பதும், வெறும் ஒல்லிக்குத் 'தின்' என்பதும் பொருந்தும். 'ஸ்கின்னி' என்றால் ஏளனம் கலந்துவிடும்.

மரபுத்தொடர்களுக்கு வருவோம். சில நம் வீட்டுப் பேச்சையே ஒத்திருக்கின்றன. 'ஸ்கின் அண்ட் போன்' என்பது எலும்பும் தோலுமேதான். தந்தையை உரித்து வைத்தாற்போலப் பிறந்த பிள்ளையை 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பர். அங்கே துப்புதல் எங்கே வந்தது என்று குழந்தைகள் கேட்டுச் சிரிப்பர். கண்ணோரச் சுருக்கங்களை அவர்கள் காகத்தின் கால்கள் என்கின்றனர். முழு வழுக்கையருக்கு 'கூட்' என்ற நீர்ப்பறவையை உவமை கூறுவர். பெங்களூர்ப் பக்கத்து ஏரிகளிலும் காணக்கூடிய நாமக்கோழியே அது. கரிய அப்பறவையின் நெற்றியிலுள்ள வெள்ளைத் தகட்டைக் கண்டு ஆங்கிலேயர் வழுக்கை என்றனர். நம்மவர் நாமம் என்றனர். 'லாங் இன் தி டூத்' என்பது குதிரையின் பல்லைப் பார்த்து வயதை மதிப்பிட்ட வழக்கத்தில் பிறந்தது. வயதானவர் என்று கேலியாகக் குறிக்கும். மேலதிகாரியிடம் இதனைச் சொல்லிவிடற்க.

இவையெல்லாம் பேச்சுக்கு அழகு செய்வன. எழுத்தில் ஓர் ஆளை அடையாளம் காட்டும்போது இவற்றால் பயனில்லை. 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஏறத்தாழ 1,52,000 இந்தியர் இவ்வாறு சென்றனர்; அவருள் பெரும்பகுதியினர் சென்னை வழிச் சென்றவர். கப்பல் பதிவேடுகளில் அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு உடற்குறிகளும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. தழும்பு, மச்சம், பச்சை குத்திய இடம் என்று எழுத்தர் கண்ணுக்குப் பட்டவை அவை. ஆளைச் சரக்கைப் போல எண்ணிய ஏற்பாடு அது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் தம் முன்னோரின் ஊரைத் தேடும் வழித்தோன்றல்களுக்கு இன்று அவ்வேடுகளே துணை.

முதியோர் உள்ள இல்லத்தார் இந்த எழுத்தர் முறையைக் கைக்கொள்ளலாம். ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கன்னடமும் தெரியாது, தெருவும் பழகியிராது. வழி தவறினால் காவல் நிலையத்தில் நாம் தரும் விவரமே அவரைக் கண்டுபிடிக்க உதவும். 'வீட்டிஷ்', 'நார்மல் பில்ட்' என்று எழுதினால் அது ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். உயரத்தை எண்ணால் எழுதுக: 5 அடி 4 அங்குலம் என்பது ஏறத்தாழ 163 செண்டிமீட்டர். மச்சத்திற்கு 'மோல்', தழும்பிற்கு 'ஸ்கார்', பிறவி மறுவிற்குப் 'பர்த் மார்க்'. ஆறாத புண்ணையே 'ஊண்ட்' என்பர், ஆறிய தழும்பை அவ்வாறு எழுதலாகாது. காலைச் சாய்த்து நடப்பவராயின் 'லிம்ப்' என்று குறிக்கலாம். பொய்ப்பல், கேட்கும் கருவி, கடைசியாக உடுத்திருந்த துணி, பேசும் மொழி ஆகியவற்றையும் விடாது சேர்க்க. இடம், வலம் எழுதும்போது அது அவருடைய இடக்கன்னமா, எதிரே நின்று பார்க்கும் நமக்கு இடப்புறமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்க. எழுதவேண்டியது அவருடைய இடப்புறமே. அண்மையில் எடுத்த நிழற்படம் ஒன்றையும் அத்தாளுடன் வைத்திருங்கள்.