ஒரு குடும்பம், பல பட்டியல்கள்

இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் பெயர் எத்தனை இடங்களில் எழுதப்படுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கிராம சேவையாளரின் பதிவேட்டில் ஒன்று. பிரதேச செயலகத்தின் நிவாரணக் கோவையில் ஒன்று. நலன்புரி நிலையத்தில் ஒன்று. வீடு கட்டித் தரும் நிறுவனத்திடமும், கிணறு துப்புரவாக்குவோரிடமும், விதைநெல் கொடுப்போரிடமும் வேறு வேறாக. பொரளைக்கு வரும் கடிதங்களில் நாம் அடிக்கடி காணும் முறைப்பாடு, ஒரு பட்டியலில் இருக்கும் பெயர் இன்னொன்றில் இல்லை என்பதே. வீட்டுப் பட்டியலில் குடும்பம் உண்டு. காணிப் பட்டியலில் இல்லை.

இது பெரும்பாலும் எவருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதன்று. ஒவ்வொரு அலுவலகமும் தன் கொப்பியைத் தானே வைத்திருக்கிறது. இன்று அந்தக் கொப்பி கணனியிலும் இணையத்தளத்திலும் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நாடெங்கும் ஏறத்தாழ 14,000 கிராம சேவையாளர் பிரிவுகள் உள்ளன. நிறுவனங்களையும் சேர்த்தால் எழுதும் கைகள் எத்தனை! பல குழுக்கள் பல தளங்களில் எழுதும் தகவலை எவ்வாறு பொருந்த வைப்பது? இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் நாட்டவர்கள் முன்நின்றனர் என்பது பலரும் அறியாத செய்தி.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல்கோள் வந்தபோது இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நிவாரணம் குவிந்தது, ஆனால் எந்த முகாமில் எத்தனை பேர், எவரிடம் என்ன உண்டு, யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதை ஒருங்கே பார்க்க வழி இருக்கவில்லை. கொழும்பில் லங்கா சொவ்ட்வெயர் பவுண்டேசனைச் சேர்ந்த கணனி வல்லுநர்களும் தொண்டர்களும் சேர்ந்து 'சஹன' என்ற மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், தேவைகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. எழுதுகிறவர்கள் வேறு வேறானவர்கள். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கலாம். எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதைப் பொதுவில் விட்டார்கள். 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இந்தோனேசியப் பூகம்பத்திலும் அது உதவிற்று.

எனினும் எல்லோரும் ஒரே தளத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டளையிட எவராலும் முடியாது. 2005 ஒகஸ்டில் அமெரிக்காவில் கத்ரினா சூறாவளி அடித்தபோது, காணாமற்போனோர் பட்டியல்கள் எத்தனையோ இணையத்தளங்களில் தனித்தனியே முளைத்தன. தாய் ஒரு தளத்தில் மகனைத் தேடினாள். மகன் வேறொரு தளத்தில் தான் உயிரோடிருப்பதை எழுதினான். பின்னர் தொண்டர்கள் ஒரு பொது முறையை வகுத்தனர். பட்டியல்களை அழித்து ஒன்றாக்குவது அதன் நோக்கமன்று. அவை அவ்வவ் இடத்திலேயே இருக்க, ஒன்றோடொன்று பேச வைப்பதே நோக்கம். 2010 ஜனவரியில் ஹெயிட்டி பூகம்பத்தின்போது கூகிள் நிறுவனம் இம்முறையைக் கொண்டே பல தளங்களின் பெயர்களை ஓரிடத்தில் தேடச் செய்தது.

அம்முறையின் உயிர்நாடி கமக்காரர்களுக்குப் புதிதல்ல. மாட்டுக்குக் குறி சுடுகிறோம் அல்லவா? மாடு எந்தப் பட்டிக்குள் போய் நின்றாலும் குறியைப் பார்த்து உடையவன் யாரென்று சொல்லிவிடலாம். அதுபோல ஒவ்வொரு பதிவும் அது முதலில் எழுதப்பட்ட தளத்தின் பெயரையும் ஓர் இலக்கத்தையும் சுமந்து செல்கிறது. மற்றத் தளங்கள் பிரதி எடுக்கலாம். மூலப் பதிவைத் திருத்தலாகாது. புதுச் செய்தி கிடைத்தால், எழுதியவர் பெயரும் திகதியும் இட்டுக் கீழே ஒரு குறிப்பாகச் சேர்க்க வேண்டும். பழையதை அழித்துவிட்டு மேலே எழுதும் பழக்கத்தால் நம் அலுவலகங்களில் எத்தனை குழப்பம்!

திகதியின் அருமையைச் சொல்லி முடியாது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அம்முகாமின் முகவரியோடு ஒரு பட்டியலில் தங்கிவிட்ட பெயருக்கு அதன் பின் கடிதம் எங்கே போய்ச் சேரும்? திகதி இருந்தால், வாசிப்பவர் இது பழைய செய்தி என்றாவது அறிவார்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். இராசேந்திரம், ராஜேந்திரம் என இருவகையாக எழுதுகிறோம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அது இன்னும் பலவாகிறது. மணமான பெண்ணின் பெயருக்கு முன் ஓரிடத்தில் தகப்பன் பெயர், மற்றோரிடத்தில் கணவன் பெயர். கணனிக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். ஆகவே அடையாள அட்டை இலக்கமே பட்டியல்களைப் பிணைக்கும் கயிறு. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016 முதல் 12 இலக்கங்கள். முதலில் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவர். 1968 பெப்ரவரி 1 இல் பிறந்த பெண்ணின் பழைய இலக்கம் 68532 என்றும், புதியது 1968532 என்றும் தொடங்கும். பழையதன் முன்னே 19 இட்டு, ஐந்தாம் ஆறாம் இலக்கங்களுக்கு நடுவே ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டால் புதிய இலக்கம் வந்துவிடும். ஒரே ஆள் இரண்டு இலக்கங்களில் பதியப்பட்டாரா என்று நீங்களே சரிபார்க்கலாம். அட்டை இல்லாத சிறுவருக்குப் பிறப்புச் சான்றிதழின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடலாமா என்றால், கூடாது என்பதே எமது கருத்து. 1983 யூலை 24 இரவு பொரளை கனத்தையில் தொடங்கிய வன்செயலின்போது, வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றார்கள். வாக்களிப்பதற்கென ஓர் அலுவலகம் எழுதிய பட்டியல் அது. நாம் சொன்ன பொது முறையில் பதிவு எந்தத் திகதியில் அழிக்கப்பட வேண்டும் என்பதையும் குறிக்க இடம் வைத்திருப்பது காரணமில்லாமலன்று. நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்குத் தகவல் பெறப்பட்டதோ அந்த நோக்கத்தோடு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது. படிவம் நிரப்ப வருகிறவரிடம் இத்தகவல் யாரிடம் போகும் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

உங்கள் பெயர் ஒரு பட்டியலில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடந்தருகிறது. பிரதேச செயலகத்தில் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அலுவலரே எழுத்தில் எடுக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். அரசிடமோ வெளிநாட்டு அரசிடமோ பெரும்பகுதி நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அச்சேவை பற்றிய அளவில், இச்சட்டத்துக்குள் அடங்கும். எம்மைப் போன்றோரிடமும் நீங்கள் கேட்கலாம். விண்ணப்பம் கொடுத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்க மறவாதீர்கள். அதில் திகதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.