திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு

திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தூரம் ஆகாய மார்க்கமாக அளந்தால் ஏறக்குறைய 610 கிலோமீட்டர்தான் என்றாலும், அதே பிரயாணத்தைச் சாலை வழியாக மேற்கொள்பவர் சுமார் 770 கிலோமீட்டர் கடக்க வேண்டியிருக்கிறது. விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்று சேர்ந்துவிட, காரில் செல்வோருக்குப் பதின்மூன்று மணி நேரமாவது பிடிக்கிறது.

தூரம் இவ்வளவு கூடுவதற்குப் பிரதான காரணம் மேற்குத் தொடர்ச்சி மலையே. வடகிழக்கில் இருக்கும் சென்னையை நாடிப் புறப்படுகிறவர், மலை குறுக்கே நிற்பதால், முதலில் அதற்கு மாறாகத் தென்கிழக்கே திரும்பி, நெய்யாற்றின்கரை, தக்கலை, நாகர்கோவில் ஆகிய ஊர்களைத் தாண்டி, மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடுகின்ற ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைந்து, பெருங்காற்று வீசும் அந்தப் பிரதேசத்தில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைக் கடந்த பிறகே, திருநெல்வேலிச் சமவெளியில் வடக்கு முகமாகச் செல்ல முடிகிறது. அந்தக் கணவாய்க் காட்சி ஒன்றுக்காகவே பகல் வேளையில் இச்சாலையில் செல்வது உசிதம் என்பேன். மதுரையும் திருச்சிராப்பள்ளியும் அதன் பின்னரே வருகின்றன.

ஆகாய மார்க்கத்திலும் திருவனந்தபுரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பங்குனி, ஐப்பசி மாத உற்சவங்களின் நிறைவில், அந்நகரத்துக் கோயிலின் ஸ்ரீபத்மநாப சுவாமி, ஆறாட்டு என்னும் புனித நீராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து செல்வதால், அந்த இரண்டு நாட்களிலும் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. ஆகையால் ஆறாட்டு தினத்தன்று மாலையில் பிரயாணம் செய்ய உத்தேசித்திருப்பவர்கள், புறப்படும் நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம்.