சர்வருக்கு ஏன் இரண்டு கேபிள்?

என் மகன் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சென்ற ஆண்டு ஒருநாள் காலையிலிருந்து மதியம் வரை எந்த வேலையும் ஓடவில்லை. சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. அதிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கேபிள்தான் பழுது. "ஒன்று போனால் ஒன்று என்று இரண்டு கேபிள் போட்டிருந்தோமே அப்பா!" என்று அலுத்துக்கொண்டான். விசாரித்தபோது, முதல் கேபிள் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது தெரிந்தது. ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு இது பழகிய கதை. சிறு அலுவலகம் நடத்தும் நம் சங்க அன்பர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

சர்வரில் உள்ள இரண்டு மூன்று நெட்வொர்க் இணைப்புகளைச் சேர்த்து ஒரே இணைப்புபோல நடத்துவதற்கு 'பாண்டிங்' என்று பெயர். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது ஒரே முகவரிதான். லினக்ஸில் இதற்கு ஏழு முறைகள் உண்டு. இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது 'ஆக்டிவ்-பேக்கப்'. ஒரு கேபிள் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது அறுந்தால் இரண்டாவது உடனே பொறுப்பேற்கும். சுவிட்சில் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது 'எல்ஏசிபி'. இதற்கான பொதுத் தரம் 2000-ல் வந்தது. சர்வரும் சுவிட்சும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்டு, எல்லாக் கேபிள்களிலும் சுமையைப் பகிர்கின்றன. சுவிட்சுக்கும் இந்த வசதி இருக்க வேண்டும்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கிகாபிட் கேபிள் இரண்டு போட்டால், ஒரு பெரிய ஃபைல் இரண்டு மடங்கு வேகத்தில் போகாது. ஒரு ஃபைலின் துண்டுகளை இரண்டு வழியில் பிரித்து அனுப்பினால் வரிசை குலைந்துவிடும். அதனால் ஒரு உரையாடல் முழுவதும் ஒரே கேபிளில்தான் போகும். ஒரே ரயிலின் பெட்டிகளைப் பிரித்து இரண்டு லைனில் ஓட்ட முடியுமா? ஆனால் லைன் இரண்டானால் ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். பலர் ஒரே சமயத்தில் சர்வரை அணுகும்போதுதான் பலன் தெரியும்.

இனி பழுதுக்கு வருவோம். எங்கள் கலர் லைட் சிக்னல் பல்பில் அப்போது இரண்டு இழைகள் இருந்தன. முதல் இழை போனால் இரண்டாவது எரியும். டிரைவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த நிமிடமே ஸ்டேஷனில் எச்சரிக்கை மணி அடிக்கும். ஆள் போய் பல்பை மாற்றுவார். அந்த மணி இல்லையென்றால் இரண்டாவது இழையால் விபரீதம் சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மகனின் அலுவலகத்தில் இல்லாதது அந்த மணிதான். எந்தக் கேபிள் உயிரோடு இருக்கிறது, எது எத்தனை முறை அறுந்தது என்று லினக்ஸ் கணக்கு வைத்திருக்கிறது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இன்னொன்று. இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சுக்குப் போனால், சுவிட்ச் படுத்ததும் இரண்டும் படுக்கும். ஒரே குழாய் வழியாகப் போனால் ஒரே எலி இரண்டையும் கடிக்கும். சுவிட்சுகள் வேறு வேறாக இருந்து, இரண்டுக்கும் மின்சாரம் ஒரே பிளக்கிலிருந்து வந்தாலும் கதை அதேதான்.

இப்போது அந்த அலுவலகத்தில் ஒரு கேபிள் போனதும் பொறுப்பாளருக்குச் செய்தி போகும்படி செய்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை, வேலை முடிந்தபின், ஒரு கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்க்கிறார்களாம். அது என் யோசனை.