வெளிநாட்டு விசேட பாடசாலையும் சப்ரகமுவ தோட்டப் பிள்ளையும்

விசேட தேவையுடைய பிள்ளையை வெளிநாட்டுப் பாடசாலையொன்றில் சேர்ப்பது எவ்வாறு என்பது இன்று தலைநகரின் வசதி படைத்தோர் மட்டும் எழுப்பும் கேள்வியன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் அக்கேள்வி எழுகின்றது. காது கேளாத பிள்ளையையோ, வயதுக்கேற்ற பேச்சு வராத பிள்ளையையோ வைத்திருக்கும் பெற்றோருக்கு "இந்தியாவுக்கு அனுப்பினால் சரிவரும்" என்று யாரேனும் ஆலோசனை கூறத் தவறுவதில்லை. அத்தகைய விண்ணப்பம் எங்கே இயலும், எங்கே இயலாது, அதற்கு எவை தேவை, அதற்கு முன்னர் செய்யப்பட வேண்டியது யாது என்பவற்றைத் தெளிவுபடுத்துவது அவசியமாகும்.

முதலில், இக்கேள்வி இங்கே ஏன் எழுகின்றது என்பதை நோக்க வேண்டும். நுவரெலியாவில் தமிழ் பேசும் தோட்ட மக்கள் செறிந்து வாழ்கின்றனர். சப்ரகமுவவிலோ தெரணியகல, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, இறக்குவானை, பலாங்கொடை எனத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. சாதாரண தமிழ்மொழி மூல வகுப்புக்கே ஆசிரியர் தட்டுப்பாடு நிலவும் இடத்தில், விசேட கல்வியில் பயிற்சி பெற்ற தமிழ்மொழி மூல ஆசிரியர் கிடைப்பது அரிதினும் அரிது. மாவனல்லை, பலாங்கொடை போன்ற இடங்களில் தமிழ்மொழி மூலம் பயிலும் முஸ்லிம் பிள்ளைகளின் நிலையும் இதுவே. இவ்விடயத்தில் இரு சமூகங்களின் தேவையும் ஒன்றாகவே காணப்படுகின்றது.

விசேட கல்வி நமது நாட்டுக்குப் புதியதன்று. செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான பாடசாலையை மேரி சப்மன் அம்மையார் 1912ஆம் ஆண்டிலேயே ஆரம்பித்தார். அதுவே இன்று இரத்மலானையில் நிலைபெற்றுள்ளது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956ஆம் ஆண்டு உருவாயிற்று. ஆயினும் தெரணியகலையிலிருந்து கைதடி 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. தோட்டத்துத் தாய்க்கு அதுவும் ஒருவகையில் வெளிநாடே. அறிவாற்றல் வளர்ச்சிக் குறைவு, ஓட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றுடன் வாழும் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழி மூல வாய்ப்பு இன்னும் குறைவு. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாகத் தாயகம் திரும்பிய உறவினர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழ்வதனால், பெற்றோரின் பார்வை தமிழ்நாட்டை நோக்கித் திரும்புவது இயல்பானதே.

மேலை நாடுகளைப் பொறுத்தவரை ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் விசேட கல்வி சட்டபூர்வ உரிமையாக உள்ளது. ஆனால் அவ்வுரிமை அங்கு வதியும் பிள்ளைகளுக்கு உரியது. பிரித்தானியாவின் சிறுவர் மாணவர் விசா கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகளுக்கே வழங்கப்படுகின்றது. அமெரிக்க மாணவர் விசாவில் செல்லும் பிள்ளை அரச ஆரம்பப் பாடசாலையில் சேர முடியாது. அரச உயர்நிலைப் பாடசாலையிலும் முழுச் செலவையும் செலுத்தி 12 மாதங்களே பயில முடியும். ஆகவே, பெற்றோரில் ஒருவர் தொழில் நிமித்தமாகவோ குடியேற்றத்தின் மூலமாகவோ அங்கு வாழச் செல்லும்போது பிள்ளையும் உடன் செல்வதே நடைமுறைச் சாத்தியமான வழியாகும். இலவச இடம் பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் முகவரை நம்புவது பேராபத்தாகும்.

தமிழ்நாட்டின் நிலை வேறு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான இந்திய மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கெனச் சென்னையில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கமும் வித்யாசாகர் நிறுவனமும் 1980களில் தோன்றின. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையாரின் பெயரால் விளங்கும் செவிப்புலன் குறைந்தோர் பாடசாலை ஒரு நூற்றாண்டைக் கடந்தது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகின்றது.

இவை அனைத்தும் ஒரே தன்மையானவை அல்ல. சில பகல்நேர நிலையங்கள். அங்கு பிள்ளை பயில வேண்டுமாயின் தாயோ தந்தையோ அருகில் வீடெடுத்துத் தங்க வேண்டும். சில சிகிச்சையையும் பெற்றோர் பயிற்சியையும் முதன்மையாகக் கொண்டவை. இந்திய அரசு வழங்கும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இந்தியப் பிரசைகளுக்கு உரியவை. எனவே, பயணச்சீட்டுக்கு முன்னர் கடிதம் எழுத வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளையைச் சேர்ப்பீர்களா, விடுதி உண்டா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, மாணவர் விசாவுக்கு ஏற்ற அனுமதிக் கடிதம் வழங்குவீர்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்து மூலம் பதில் பெறுவது உத்தமம்.

விசா விடயத்தில் தவறான புரிதல்கள் பல நிலவுகின்றன. சுற்றுலா விசாவில் சென்று பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க முடியாது. மாணவர் விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் செலவுகளை ஈடுசெய்யும் நிதிச் சான்றும் தேவை. சிகிச்சையே நோக்கமாயின் மருத்துவ விசா உண்டு. நோயாளியுடன் உறவினர் இருவர் வரை செல்ல அதன்கீழ் இடமுண்டு. பிள்ளைக்கு வேண்டியது கல்வியா, சில மாத காலச் சிகிச்சையா என்பதை முதலில் தீர்மானித்துக் கொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

அடுத்து ஆவணங்கள். முதலாவது, பிறப்புச் சான்றிதழ். தோட்டங்களில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருப்பது வழமை. அதனைத் திருத்துவதற்கு மாதக்கணக்கில் செல்லலாம். இரண்டாவது, கடவுச்சீட்டு. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கடவுச்சீட்டு மூன்றாண்டுகளுக்கே செல்லுபடியாகும். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். தாய் மத்திய கிழக்கில் பணிபுரிபவராயின், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாக அச்சம்மதம் பெறப்பட வேண்டியிருக்கும். மூன்றாவதும் மிக முக்கியமானதும், பிள்ளையின் குறைபாடு எத்தகையது, எவ்வளவு, எவ்வித உதவி தேவை என்பதை விளக்கும் நிபுணரின் மதிப்பீட்டு அறிக்கை. செவிப்புலன் பரிசோதனை, கண் பரிசோதனை, பேச்சு சிகிச்சையாளரின் கருத்து, இதுவரை பயின்ற பாடசாலையின் கடிதம் ஆகியன அதனோடு சேர வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பும், கேட்கப்படின் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியுலர் பிரிவின் அத்தாட்சியும் தேவைப்படும்.

ஆவணங்களால் தீராத கேள்விகளும் உள. காது கேளாத பிள்ளை தமிழ்நாட்டில் கற்பது இந்தியச் சைகை மொழி. நாடு திரும்பியதும் இங்குள்ள செவிப்புலன் குறைந்தோர் பயன்படுத்தும் சைகை அதிலிருந்து வேறுபடுவதைக் காணும். தன் வீட்டாருக்கோ இரு சைகை மொழிகளும் தெரியாது. தாய் தந்தையர் கற்காத மொழியைப் பிள்ளை மட்டும் கற்று வந்தால் வீட்டுக்குள்ளேயே அது அந்நியமாகிவிடும். விழிப்புலனற்ற பிள்ளைக்கு இச்சிக்கல் குறைவு. தமிழ் பிரெய்ல் எழுத்துமுறை இரு நாடுகளுக்கும் பெரிதும் பொதுவானது. ஆயினும் அங்கு பெறும் சான்றிதழ் இங்குள்ள கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சைக்கும் தொழிலுக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதை முன்கூட்டியே கல்வி அதிகாரிகளிடம் கேட்டறிய வேண்டும். அறிவாற்றல் வளர்ச்சிக் குறைவுள்ள சிறு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் விடுவது வேறு விதமான கேள்வி. தனக்கு நேர்வதைச் சொல்லத் தெரியாத பிள்ளையைக் காண மாதம் ஒருமுறையேனும் செல்ல இயலாத குடும்பம் அதனைப் பலமுறை சிந்திக்க வேண்டும்.

செலவைக் கணக்கிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2024ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதத்தில் 25 நாட்கள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபாவே. பின்னர் கிடைத்த உயர்வைச் சேர்த்தாலும், விமானக் கட்டணம், வாடகை, பாடசாலைக் கட்டணம் ஆகியவற்றோடு வேலையைக் கைவிட்டு உடன்செல்லும் ஒருவரின் வருமான இழப்பையும் தாங்க அது போதாது. நகை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் பெற்றும் செல்லும் குடும்பம் ஓராண்டில் திரும்பி வந்தால், பிள்ளையின் கல்வியும் குலையும், கடனும் எஞ்சும்.

இங்கேதான் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து அமைகின்றது. வெளிநாட்டு விண்ணப்பத்தின் முதற்பாதி உள்நாட்டிலேயே செய்யப்பட வேண்டியது. பிறப்புப் பதிவு, நிபுணரின் மதிப்பீடு, பாடசாலையின் கடிதம் ஆகிய இவையே உள்ளூர்ப் பாடசாலையில் இடம் கோரவும், பிரதேச செயலகத்தில் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கவும், பரீட்சையில் மேலதிக நேரம் கேட்கவும் உதவும் ஆவணங்கள். வெளிநாடு செல்லாவிடினும் இவற்றின் பயன் வீணாவதில்லை. ஐந்து வயதுக்கு முந்திய காலமே மிகவும் பெறுமதி வாய்ந்தது. தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தின் உத்தியோகத்தரும் குடும்பநல உத்தியோகத்தரும் பிள்ளையை முதலில் காண்பவர்கள். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையைப் "போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடாமல் வைத்தியசாலைக்கு அனுப்பினால், அதுவே முதல் விசேட கல்வியாகும்.

தமிழ்நாட்டு அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. அமர் சேவா சங்கம் பயிற்சி பெற்ற ஊழியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பித் தாய்மாருக்குக் கற்பிக்கின்றது. கடும் குறைபாடுள்ள பிள்ளைகளைத் தேடி ஆசிரியரே வீட்டுக்குச் செல்லும் முறை இந்திய அரசின் கல்வித் திட்டத்திலும் உண்டு. நமது மலையகத்திலேயே நுவரெலியாவில் 1988ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட மென்கஃபெப் நிறுவனம், பெற்றோரையும் இணைத்துக்கொண்டு இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வியளித்து வருகின்றது. நுவரெலியாவில் இயன்றது இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இயலாது என்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

சட்டமும் பெற்றோரின் பக்கமே நிற்கின்றது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கின்றது. ஐக்கிய நாடுகள் சபையின் வலது குறைந்தோர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை அரசின் கடமையாக்குகின்றது. கட்டாயக் கல்வி வயதும் 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. இவற்றில் எதுவும் தோட்டப் பிள்ளைக்கு விலக்களிக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் ஏதேனும் ஒரு செயற்பாட்டில் இடர்ப்பாடு உடையோர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகவே, வலயக் கல்வி அலுவலகங்கள் செய்யவேண்டிய பணி தெளிவானது. தோட்டங்கள் சிதறியிருப்பதால் ஒவ்வொரு பாடசாலையிலும் விசேட அலகு அமைத்தல் இயலாதிருக்கலாம். ஆனால் இரத்தினபுரி, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, மாவனல்லை ஆகிய இடங்களில் ஒவ்வொரு தமிழ்மொழி மூல அலகை அமைத்து, பிள்ளைக்கும் உடன்வரும் தாய்க்கும் போக்குவரத்து வசதி வழங்க இயலும். தோட்ட, முஸ்லிம் இளைஞர் யுவதியரைத் தெரிந்து விசேட கல்வியில் பயிற்றுவிக்கவும் இயலும். தொழிற்சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிருவாகங்கள் ஆகியன ஒன்றுசேர்ந்து கோரினால் அக்கோரிக்கை எளிதில் புறக்கணிக்கப்படாது.

வசதியும் வாய்ப்பும் உள்ள குடும்பம், தகவல்களை நன்கறிந்து வெளிநாட்டுப் பாடசாலைக்கு விண்ணப்பிப்பதில் தவறேதும் இல்லை. ஆயின், தன் தாய்மொழியில் ஓர் எழுத்தைக் கற்பதற்காக ஒரு பிள்ளை கடல் கடந்தே ஆகவேண்டும் என்ற நிலை இலவசக் கல்வியைப் பெருமையாகக் கொள்ளும் நாட்டுக்குப் பொருந்துவதன்று. அந்நிலையை மாற்றும் கோரிக்கையும் ஒரு விண்ணப்பமே. அதனைப் பெற்றோர் தனித்தனியாக அன்றி, சமூகமாக எழுத வேண்டிய காலம் இதுவாகும்.