பழைய ஜீப்: பட்டறைக்குப் போகுமுன் கவனிக்க வேண்டியவை

போடிநாயக்கனூர், கம்பம், குமுளி வட்டாரங்களிலிருந்து இடுக்கி மலையிலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களையும் உரத்தையும் ஏற்றிச் செல்வது பெரும்பாலும் ஜீப்தான். காய் பறிப்புக் காலத்தில் வண்டி படுத்துவிட்டால் நட்டம் பட்டறைச் செலவோடு நிற்பதில்லை. பறித்த பச்சைக் காய் உடனே உலர்த்தும் இடத்திற்குப் போய்ச் சேராவிட்டால் நிறம் மங்கி விலையும் இறங்கிவிடும்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் மனக்குறை எங்கும் ஒன்றுதான். சத்தம் கேட்கிறது என்று கிளட்ச் பிளேட்டை மாற்றுகிறார்கள், சத்தம் நிற்பதில்லை. கியர் பெட்டியை இறக்கி பேரிங் மாற்றுகிறார்கள். அதன் பிறகும் நிற்பதில்லை. கடைசியில் பார்த்தால், தேய்ந்தது புரொப்பெல்லர் ஷாப்டில் உள்ள சின்னஞ்சிறு கிராஸ்! செலவு குறைந்ததை முதலிலும், செலவு மிகுந்ததைக் கடைசியிலும் சோதித்தால் இந்த வீண் செலவு நேராது.

சத்தம் சொல்லும் சேதி

எஞ்சினின் விசை கிளட்ச், கியர் பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ், புரொப்பெல்லர் ஷாப்ட், டிபரன்ஷியல், ஆக்ஸில் என்ற வரிசையில் சக்கரத்தை அடைகிறது. கோளாறு எந்த இடத்தில் என்பதைச் சத்தத்தைக் கொண்டே ஓரளவு அறியலாம்.

வண்டி நிற்கும்போது, கிளட்சை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றுபோகிறதா? கிளட்சின் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் இருக்கும்போது, மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் வருகிறதா? கியர் பெட்டியின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வண்டி புறப்படும்போதும், முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் 'டக்' என்று அடித்தால் முதலில் கிராஸைப் பார்ப்பது நல்லது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஊளையிட்டால் டிபரன்ஷியலின் கிரவுன், பினியன் பற்களைச் சோதிக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது மட்டும் இரைச்சல் கூடிக் குறைந்தால், சக்கர பேரிங் தேய்ந்திருக்கக் கூடும்.

எஞ்சின் இரைகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே பிளேட் மாற்ற வேண்டும் என்பதில்லை. பெடலில் கைப்புத்தகம் சொல்லும் அளவுக்குத் தளர்வு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினின் பின் சீல் கசிந்து எண்ணெய் பிளேட்டில் படிந்திருந்தால், சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எண்ணெயே உயிர்

கியர் பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ், இரண்டு டிபரன்ஷியல்கள் ஆகிய நான்கிலும் எண்ணெய் அளவைத் தனித்தனியே பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையில் விரலை விட்டால் எண்ணெய் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். பழைய எண்ணெயை வடிக்குமுன், ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். வடித்த பின் மூடி கழலாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

பழைய வில்லீஸ் வகை ஜீப்பில் கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் இடையே எண்ணெய் கசிந்து, ஒன்றில் குறைந்து மற்றொன்றில் கூடிவிடுவது உண்டு. எண்ணெய் வெண்மையாகப் பால் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். சூடான ஆக்ஸில் ஓடையில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், சீல் வழியே தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். காற்றுத் துளையைச் சுத்தமாக வைத்திருப்பதற்குக் காசு செலவில்லை.

நான்கு சக்கர லீவர்

நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் லீவர் சேற்றுக்கும் சரளைக்கும் உரியது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றில் டயர் சிறிது வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது. ஆகவே முறுக்கம் முழுவதும் ஷாப்டிலும் பற்களிலும் ஏறுகிறது. லீவரும் இறுகிக்கொள்ளும். அப்போது லீவரைப் பலங்கொண்டு இழுக்காமல், வண்டியைச் சில அடி நேராகப் பின்னால் எடுத்தால் முறுக்கம் தளரும். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும், ஏறக்குறைய ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டியதும் இதனால்தான்.

பழைய இரும்புக் கடையில் ஆக்ஸில் வாங்குவோர் பல் விகிதத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லீஸ் ஜீப்பில் கிரவுனுக்கு 39 பற்கள், பினியனுக்கு 8. பின்னர் வந்த சிஜே-3பி வகையில் 43-க்கு 8. முன்னே ஒன்றும் பின்னே வேறொன்றும் மாட்டிய வண்டி, இரு சக்கர ஓட்டத்தில் ஒழுங்காகவே ஓடும். நான்கு சக்கர லீவரைப் போட்டதும் பற்கள் நொறுங்கும்.

இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். லீவர்களை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, தூக்கிய சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றினால், புரொப்பெல்லர் ஷாப்ட் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். 39-க்கு 8 என்றால் 5 சுற்றுக்குச் சற்றுக் குறையும். 43-க்கு 8 என்றால் 5 சுற்றும் ஏறக்குறைய ஒரு சுற்றில் மூன்றிலொரு பங்கும் வரும். முன் ஆக்ஸிலிலும், ஹப் பூட்டு இருந்தால் அதைப் பூட்டிவிட்டு, இவ்வாறே பார்க்கலாம். அச்சமயம் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

உயிருக்கு ஆபத்து

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், ஷாப்டைத்தான் பிடிக்கிறது. கிராஸ் உடைந்தாலோ, பின் ஆக்ஸில் முறிந்தாலோ, பழுது பார்க்க ஷாப்டைக் கழற்றினாலோ கைப்பிரேக் இருந்தும் இல்லாததுதான். கியரில் போட்டு நிறுத்தினாலும் அந்நிலையில் வண்டி உருண்டுவிடும். ஆகவே மலைச்சரிவில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்குக் கட்டை போடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வரும் வண்டியில், பழுது நீக்கும் வரை ஆட்களை ஏற்றவே கூடாது.

கிராஸ், சீல், பேரிங் ஆகியவை தேயக்கூடியவையே. அவற்றை மாற்றி வண்டியை ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் கியர் பெட்டியின் கூடே வெடித்திருந்தாலும், சேசிஸ் துருப்பிடித்து விரிசல் கண்டிருந்தாலும், புதுப் பற்கள் போட்டு ஆவதொன்றுமில்லை. காய் பறிப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இச்சோதனைகளை முடித்துவிட்டால், எதை மாற்றுவது, வண்டியையே விடுவதா என்பதை அவசரமின்றி முடிவு செய்யலாம்.