இருளில் முடியும் திருப்பாடல்

“சுவாமி, முந்தி ஒழுங்காச் செபமாலை சொல்லுவன். இப்ப வாயைத் திறந்தாலே கடவுளோடை சண்டைதான் வருது. இப்பிடிச் செபிக்கிறது பாவமோ?”

2009ஆம் ஆண்டு இறுதிப் போரில் காணாமற்போன மகனை இன்றும் தேடிக்கொண்டிருக்கும் தாயொருவர், திருப்பலி முடிந்தபின் என்னிடம் கேட்ட கேள்வி இது. “எல்லாம் இறைவனின் சித்தம் அம்மா” என்னும் சொற்கள் என் நாவரை வந்தன. அவற்றைச் சொல்லாமல் விட்டதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறேன். பதிலாக, திருவிவிலியத்தைத் திறந்து 88ஆம் திருப்பாடலை வாசித்துக் காட்டினேன்.

150 திருப்பாடல்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல்களே. அவற்றுட் பெரும்பாலானவை கண்ணீரில் தொடங்கி, நம்பிக்கையிலோ புகழ்ச்சியிலோ நிறைவுறுகின்றன. 88ஆம் திருப்பாடல் அவ்வாறன்று. நண்பரும் அன்பரும் அகன்றுபோக, இருளே துணையாய் எஞ்சிநிற்பதுடன் அது முடிந்துவிடுகிறது. அதன் பின் விடியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இத்தகைய பாடலைத் திருச்சபை ஒதுக்கிவிடவில்லை. கட்டளைச் செபத்தில், ஆண்டவர் கல்லறையில் வைக்கப்பட்ட நாளாகிய வெள்ளியின் இரவுக்கென அதனைக் குறித்து வைத்துள்ளது. அன்று மகிழ்வோடிருக்கும் குருவும் துறவியும்கூட அதனைச் செபித்தாக வேண்டும். செபிக்கச் சொல்லற்று இருளில் அமர்ந்திருக்கும் யாரோ ஒருவருக்காக அவர்கள் அதனைச் செபிக்கின்றனர்.

அப்படியானால் அப்பாடலில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? அதன் முதல் விளிப்பிலேயே இருக்கிறது. தன்னை மீட்கும் கடவுள் என்றே அவ்வடியார் இறைவனை அழைக்கிறார். இரவும் பகலும், நாள்தோறும், காலைதோறும் என மூன்று முறை அவரை நோக்கிக் கதறுகிறார். இறைவனைப் பற்றி மற்றவரிடம் முறையிடவில்லை, இறைவனிடமே முறையிடுகிறார். பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையைவிட, அழுது வாதாடும் பிள்ளையே தாயின் மடிக்கு அருகில் இருக்கிறது.

சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் 22ஆம் திருப்பாடலின் தொடக்கச் சொற்களாலேயே, தாம் ஏன் கைவிடப்பட்டார் எனக் கேட்டார். அவ்வேளையிலும் அவர் தந்தையைத் தம் இறைவன் என்றே அழைத்தார்.

அன்புக்குரியவர்களே, துயருற்றோரைத் தேடிச் செல்லும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அது நட்பு. பின்னர் அவரது துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கினார்கள். நூலின் முடிவில் ஆண்டவரின் சினம் மூண்டது வாதாடிய யோபுவுக்கு எதிராக அன்று. இறைவனுக்காகப் பேசுவதாக எண்ணிய அந்நண்பர்களுக்கு எதிராகவே.

உயிர்ப்பு உண்மை, அதுவே நம் விசுவாசம். ஆயினும் பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் இடையே ஒரு சனி உண்டு. சிலரது வாழ்வில் அச்சனி பல ஆண்டுகள் நீள்கிறது. அவர்களிடம் ஞாயிறை வற்புறுத்துவதைவிட, அவர்களோடு சனியில் காத்திருப்பதே அன்பு.

நான் வாசித்து முடித்ததும் அத்தாய் சற்று நேரம் மௌனமாய் இருந்தார். பின்னர், “இது வேதத்திலேயே இருக்கோ சுவாமி?” என்று கேட்டு, அப்பக்கத்தின் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு சென்றார். அவரது மகன் இன்னும் வரவில்லை. அவரது சண்டையும் ஓயவில்லை. ஆனால் அதுவும் செபமே என்பதை இப்போது அவர் அறிவார்.

ஆண்டவரே, உம்மோடு வாதாடும் உள்ளங்களையும் உம் கரங்களிலிருந்து நழுவவிடாதேயும். ஆமென்.