நெய்வேலியில் நிலக்கரியும் நீரும்

நிலக்கரி வெட்டுதல் என்றவுடன், கையில் விளக்கேந்தி இருண்ட சுரங்கத்தினுள் இறங்கும் தொழிலாளியின் உருவமே நேயர்கள் பலரது மனக்கண்முன் தோன்றும். தமிழ்நாட்டின் நெய்வேலியில் அக்காட்சி கிட்டாது. அங்கே சுரங்கம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றது.

1934 ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தமது நிலத்தில் நீருக்காகக் குழாய்க்கிணறு தோண்டுவித்தார். நீரோடு கரிய பொருளொன்றும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. நீரைத் தேடியவர் கரியைக் கண்டார். பின்னர் கரியைத் தேடி வந்தவர்களுக்கோ நீரே பெருந்தடையாயிற்று.

அந்நாளைய சென்னை மாகாணத்துக்கு இக்கரி மிகவும் வேண்டியதாயிருந்தது. பைக்காராவிலும் மேட்டூரிலும் நீர்விசையால் மின்சாரம் பிறந்தது. மழை பொய்த்தால் அதுவும் குன்றும். நல்ல நிலக்கரியோ வங்காளம், பீகார் முதலிய தொலைவிடங்களிலிருந்து வரவேண்டும். எனவே 1956 இல் நெய்வேலிக்கென அரசாங்க நிறுவனமொன்று அமைக்கப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு அகழ்வு வேலையைத் தொடக்கி வைத்தார். கரி கண்ணுக்குத் தென்பட்டது 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேலே கிடந்த மண்ணையும் மணற்கல்லையும் அகற்றுவதிலேயே கழிந்தன. ஜேர்மனியிலிருந்து வந்த இராட்சதச் சக்கர யந்திரங்களின் இரும்புப் பற்களும் அக்கல்லின்முன் தேய்ந்து போயின.

கல்லைவிடக் கடியது நீர். கிணறு வெட்டியவர்கள் பக்கங்களிலிருந்து நீர் கசிந்து ஊறுவதைக் கண்டிருப்பர். நெய்வேலியில் நிலைமை வேறு. கரிப்படைக்கு அடியில் மணற்படையொன்றில் நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கின்றது. மேலிருக்கும் மண்ணின் பாரமே அதனை அமுக்கி வைத்திருப்பது. அப்பாரத்தை நீக்கிவிட்டால், நீர் கரிப்படையைப் பிளந்துகொண்டு மேலெழுந்து குழியை நிரப்பிவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்கிணறுகள் துளைத்து, இரவு பகல் ஓயாது நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த வண்ணமே கரியை வெட்டுகின்றார்கள். இறைக்கும் யந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் கரி வேண்டும். கரிக்கு நீரை இறைக்க வேண்டும். இச்சக்கரத்தில் எவ்விடத்தும் நீண்ட ஓய்வுக்கு இடமில்லை.

வெட்டிய கரியிலும் ஏறக்குறையப் பாதி ஈரமே. நம் நாட்டு நுரைச்சோலை மின்நிலையத்துக்குக் கருநிலக்கரி கப்பலில் வந்து இறங்குகின்றது. பழுப்புக்கரியை அவ்வாறு தொலைவிடங்களுக்கு அனுப்புதல் கட்டுப்படியாகாது. பாதிக் கூலி நீரைச் சுமப்பதற்கே போய்விடும். குவித்து வைத்தால் தானே தீப்பற்றவுங் கூடும். ஆதலால் கரியை வெட்டிய இடத்திலேயே எரித்து, மின்சாரத்தைக் கம்பி வழியாக அனுப்புவதே வழியாயிற்று. சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்த முதலாவது அனல்மின் நிலையம் 1962 இல் மின்சாரம் தரத் தொடங்கிப் படிப்படியாக 600 மெகாவாற்றுக்கு வளர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த அந்நிலையம் 2020 இல் மூடப்பட்டது. அதனிடத்தை நிரப்ப 1000 மெகாவாற்றுப் புதிய நிலையம் வந்துள்ளது. அதுவும் இதே கரியையே எரிக்கின்றது.

இதன் மறுபுறத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. முன்னர் யந்திரமின்றியே நீர் பொங்கி வழிந்த கிணறுகள் அவ்வட்டாரத்தில் இருந்தன. நீர்மட்டம் தாழ்ந்துவிட்டதென உழவர்கள் முறையிடுகின்றார்கள். சுரங்கம் விரிய விரிய ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவி என்னுமிடத்தில், நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் மண்வாரி யந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டின. அந்நிலத்துக்கு முன்னமே விலை கொடுக்கப்பட்டதென்றது நிறுவனம். அறுவடை வரையிலேனும் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் உழவர்கள். அக்கேள்வி உயர்நீதிமன்றம் வரை சென்றது. பயிருக்கு இழப்பீடு வழங்குமாறு அங்கே கட்டளை பிறந்தது.